பாறையை மொட்டையடிக்காமல் பாசி எடுப்பது எப்படி?

கேள்வி: முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் பாறைக்கரை ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் சிப்பி எடுக்கிறவர். இரண்டு ஆண்டுகளாகக் கிழக்கிலிருந்து ஒரு வியாபாரி வருகிறார். பாறையில் வளரும் பாசியைக் காயவைத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் பணம் தருகிறார். எங்கள் மகளிர் குழுவில் பதினெட்டுப் பேர் எடுக்கிறோம். சில மாதங்களாக வெளியூர் ஆட்கள் வேனில் வந்து இரும்புச் சுரண்டியால் பாறையை வழித்துக்கொண்டு போகிறார்கள். சிப்பி குறைந்ததற்குப் பாசி எடுப்பதுதான் காரணம் என்று எங்கள் ஊர் ஆண்கள் எங்களோடும் சண்டைக்கு வருகிறார்கள். "இது பாதுகாக்கப்பட்ட கடற்கரை, பாசி எடுக்கவே கூடாது என்று கலெக்டரிடம் மனு கொடுப்போம்" என்று பங்குப் பேரவையில் பேசுகிறார்கள். தடை வந்தால் எங்கள் பிழைப்பு போகும், வராவிட்டால் பாறை போகும். யாரிடம் போவது? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்த மனுவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். முழுத்தடை என்று ஒன்று வந்தால் முதலில் மாட்டப்போவது நீங்கள் பதினெட்டுப் பேர்தான். பட்டப்பகலில், சொந்த ஊர்ப் பாறையில், இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர்கள் நீங்கள். யார் வந்து பார்த்தாலும் கண்ணில் படுவீர்கள். விடியுமுன் வந்து ஏழு மணிக்குள் சாக்கைக் கட்டிக்கொண்டு போகும் வேனைத் தேடி எந்த அதிகாரியும் கடற்கரையில் காவலிருக்கப் போவதில்லை.

"பாதுகாக்கப்பட்ட கடற்கரை" என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் மன்னார் வளைகுடாவை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். அங்கே கடல்சார் தேசியப் பூங்கா என்பது பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும். 1986இல் அறிவித்தார்கள். அதற்குள் போய்ப் பாசியோ வேறெதுவோ எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைச் சூழ்ந்த உயிர்க்கோளக் காப்பகம் 1989இல் வந்தது. பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீள்கிறது. ஆனால் உயிர்க்கோளக் காப்பகத்துக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அந்தப் பெயரை மட்டும் வைத்து ஒருவர் கையிலிருக்கும் சாக்கைப் பிடுங்க முடியாது. போதாக்குறைக்கு, நீங்கள் இருப்பது குமரி முனைக்கு மேற்கே. சின்னமுட்டத்துக்காரரோ ஆரோக்கியபுரத்துக்காரரோ அந்தப் பேச்சை எடுத்தால் கொஞ்சமாவது பொருள் உண்டு.

உங்கள் பாறைகளுக்குப் பொருந்துவது வேறு. 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட பகுதியைத் தனி மண்டலமாகவும், அதற்கப்பால் 12 கடல் மைல் வரையுள்ள நீரை இன்னொரு மண்டலமாகவும் வைத்திருக்கிறது. அது முக்கியமாகக் கட்டடம், தொழிற்சாலை, கழிவு, மண் நிரப்புதல் இவற்றைப் பற்றிப் பேசுவது. கையால் பாசி பறிப்பதைப் பற்றி அதிகம் சொல்லாது. அதில் மிகவும் நொய்மையான இடங்களின் பட்டியலில் கடற்புல் இருக்கிறது. கடற்புல் வேறு, கடற்பாசி வேறு. முன்னது வேரும் பூவும் உள்ள செடி, மணலில் வளர்வது. நாளிதழ்கள் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடுகின்றன. அதைப் படித்துவிட்டு வழக்குப் போட வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பவளம், கடல்விசிறி, கடல் அட்டை, கடல்குதிரை ஆகியவை வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. பாசியோடு சேர்ந்து ஒரு பவளத் துண்டு சாக்கில் வந்தாலும், அது யாருடைய சாக்கோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி பாறைக்கு வருகிறேன். இதில்தான் என்னால் கொஞ்சம் உறுதியாகப் பேச முடியும்.

வியாபாரி கேட்பது பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கும். ராமநாதபுரத்துப் பெண்கள் மரிக்கொழுந்து என்று சொல்லும் சிறிய சிவப்புப் பாசி ஒன்று. அகர் என்னும் கூழ்ப்பொருள் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. மற்றது கட்டக்கோரை. பழுப்பு நிறம், இலையும் காற்றுக் குமிழும் உள்ள நீளமான பாசி. முன்பு அதிலிருந்து எடுக்கும் அல்ஜினேட் என்ற இன்னொரு கூழ்ப்பொருளுக்காக மட்டும் வாங்கினார்கள். 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் பயிர் ஊக்கிகள் கொண்டுவரப்பட்டன. வயலுக்குத் தெளிக்கும் கடற்பாசிச் சாறு அதில் அடக்கம். அந்தச் சாற்றுக்குக் கட்டக்கோரை நல்ல மூலப்பொருள். வேன் உங்கள் ஊர் வரை வந்ததற்கு இந்தச் சந்தையும் ஒரு காரணம் என்பது என் ஊகம். உங்கள் ஊரில் இவற்றுக்கு வேறு பெயர் இருந்தால் அந்தப் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் பாறையைப் பிடித்திருக்கும் விதம் வேறு. மரிக்கொழுந்து பாறைமேல் படர்ந்து கிடக்கும் ஓர் அடிப்பாகத்திலிருந்து எழும்புகிறது. விரலில் துணி சுற்றிக்கொண்டு மேலே உள்ளதைக் கிள்ளினால் அடி நிற்கும், மறுபடி தழைக்கும், மெதுவாக. சுரண்டியால் வழித்தால் அடியும் சேர்ந்து வந்துவிடும். கட்டக்கோரைக்கு ஒரு வில்லை போன்ற பிடிப்பும் குட்டையான தண்டும் உண்டு. மேலே வெட்டினால் அதிலிருந்து புதிய கிளை வரும். பிடிப்பைப் பெயர்த்துவிட்டால், பக்கத்துச் செடியின் விதை வந்து விழுந்தால்தான் அந்த இடத்தில் மறுபடி பாசி. கட்டக்கோரையின் விதை அதிக தூரம் போகாது, தாய்ச்செடியிலிருந்து சில மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் விழுந்துவிடும். ஒரு பாறையை முழுக்க வழித்துவிட்டால் அடுத்த பாறையிலிருந்து வந்து நிரப்பும் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு பாறையிலும் தாய்ச்செடிகளை விட்டுவைத்தாக வேண்டும்.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாறைத்திட்டில் பாசியின் எடையை அளந்து, "இவ்வளவு இருக்கிறது, இதில் பாதியை எடுக்கலாம்" என்று அறிக்கை எழுதினேன். அளந்தது ஜனவரியில், பாசி செழித்து நிற்கும் காலத்தில். கோடையில் அதே பாறை எப்படி இருக்கும் என்று அங்கே பாசி எடுக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். மே மாதம் மறுபடி போனபோது எடுக்க ஒன்றுமே இல்லை. பாதி என்பது எதில் பாதி என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்.

ஆண்கள் உங்களோடு போடும் சண்டையில் பாதி நியாயம் இருக்கிறது. உங்கள் கரையின் பழுப்புச் சிப்பி, கொல்லத்திலிருந்து குமரி முனை வரையுள்ள பாறைகளில்தான் சிறப்பாக விளைகிறது. சிப்பியின் குஞ்சு முட்டையிலிருந்து வந்து சில வாரம் நீரில் மிதக்கும். பிறகு எதிலாவது ஒட்ட வேண்டும். வழுவழுப்பான பாறையைவிட இழையிழையான பாசி அதற்கு நல்ல பிடிமானம். நியூசிலாந்தின் தொண்ணூறு மைல் கடற்கரையில் ஒதுங்கும் பாசியைச் சேகரித்து, அதில் ஒட்டியிருக்கும் சிப்பிக் குஞ்சுகளைக் கொண்டுதான் அந்நாட்டின் சிப்பிப் பண்ணைகளில் பெரும்பகுதி நடக்கிறது. நீங்கள் சாக்கில் கட்டும் ஈரப்பாசியை வெள்ளைத் துணிமேல் உதறிப் பாருங்கள். கடுகளவு கறுப்பு மணிகள் விழுந்தால் அவை உங்கள் வீட்டுக்காரரின் அடுத்த ஆண்டு வருமானம்.

மறுபாதியில் அவர்கள் சொல்வது சரியில்லை. சிப்பி குறைய வேறு காரணங்களும் உண்டு. வளருமுன் எடுப்பது, கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டியதால் மணல் இடம் மாறிப் பாறையை மூடுவது, வெப்பம் எல்லாமே அதில் சேரும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பங்கு என்று உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று பொருள். ஆனால் காலத்தைப் பற்றிச் சொல்லலாம். உங்கள் பழுப்புச் சிப்பி பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முட்டையிடுகிறது. ஆனி ஆடியில் கடல் உங்களை எப்படியும் உள்ளே விடாது. கடல் தணிந்ததும் வரும் ஆவணி, புரட்டாசிதான் குஞ்சு ஒட்டும் நேரம். பாசியும் அப்போதுதான் எழும்புகிறது, வியாபாரியும் அப்போதே வந்து நிற்கிறார். அந்த இரண்டு மாதத்தை விட்டுக்கொடுங்கள் என்று உங்கள் குழுவிடம் கேட்பேன். வருமானம் குறையும், மறைக்கவில்லை. ஆண்களோடு பேச உட்காரும்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய பொருள் அதுதான். பதிலுக்குக் குட்டிச் சிப்பியைத் தொடுவதில்லை என்று அவர்களிடம் வாங்குங்கள்.

மீதி விதிகளை நான் எழுதித் தருவதைவிட நீங்களே எழுதுவது நல்லது. முன்மாதிரி இருக்கிறது. பாம்பன் அருகே சின்னப்பாலத்துப் பெண்கள், தீவுப் பக்கம் போனால் வனத்துறையோடு தகராறு என்ற நிலையில் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி, இரும்புச் சுரண்டி கூடாது. அவர்களின் தலைவியாக இருந்த லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு அமெரிக்க அமைப்பு ஒன்று தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது. பள்ளிப் படிப்புக்கு வழியில்லாமல் சிறு வயதிலேயே கடலில் இறங்கியவர் அவர். பரிசைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த விதியை அதிகாரி யாரும் எழுதித் தரவில்லை என்பது.

உங்கள் கரையில் பாறைக்குப் பாறை பெயர் உண்டு, இல்லையா? முதலில் அந்தப் பெயர்களை எழுதுங்கள். சிப்பி அடர்ந்த பாறைகளைத் தனியாகக் குறித்து, அவற்றில் ஆண்டு முழுவதும் பாசி எடுப்பதில்லை என்று முடிவெடுங்கள். மற்றவற்றை மூன்று பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்குக்கு ஓய்வு கொடுங்கள். கட்டக்கோரையின் இலைக் கக்கத்தில் சிறு சிறு கொத்துகள் தெரிந்தால் அது விதைக்கப்போகிறது என்று பொருள். அவை உதிர்ந்த பிறகு வெட்டுங்கள். அடியில் எத்தனை விரற்கடை விடுவது என்பதை எல்லோரும் கூடி ஒரே அளவாக வையுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாறைப் பாசியை அடியிலிருந்து 16 அங்குலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். அங்கே கோப்ஸ்குக் என்ற விரிகுடாவில், இருப்பதில் நூற்றுக்கு 17 பங்குக்கு மேல் ஓர் ஆண்டில் எடுக்கக் கூடாது. அந்த எண்களை இங்கே கொண்டுவராதீர்கள். அவர்களுடைய பாசி ஆள் உயரம் வரை வளர்வது. நம் மரிக்கொழுந்தில் 16 அங்குலம் விட வேண்டுமென்றால் வெட்டுவதற்கு ஒன்றும் இராது! ஆனால் அடியை விடு, பங்கை அளந்து எடு என்ற இரண்டும் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

அளப்பது கடினமில்லை. பி.வி.சி. குழாயில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டம் ஒன்று செய்யுங்கள். ஐந்து பாறைகளில் பெயின்ட் அடையாளம் வைத்து, மாதம் ஒருமுறை அமாவாசையை ஒட்டி நீர் நன்றாக வற்றும்போது சட்டத்தை அதே இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். கைப்பேசி போதும். ஓர் ஆண்டுப் படங்கள் இருந்தால் எந்த அலுவலகத்திலும் உங்களை உட்காரவைத்துப் பேசுவார்கள்.

இனி சட்டக் கைப்பிடி. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தைப் பற்றி உங்கள் ஊரில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. உங்களுக்கு உதவக்கூடியது அதுதான். ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது அதன் 41ஆம் பிரிவு. தன் எல்லைக்குள் வணிகத்துக்காக உயிரிவளம் எடுப்பவர்களிடம் அந்தக் குழு சேகரிப்புக் கட்டணம் வாங்கலாம். உள்ளூர் மக்கள் பிழைப்புக்காக எடுப்பதற்குச் சட்டம் விலக்கு தருகிறது. வணிகத்துக்காகப் பயன்படுத்துகிறவர் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வளத்துக்குக் கேடு என்று கண்டால் அதைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. 2023இல் திருத்தம் வந்து சிறைத் தண்டனை நீங்கி அபராதமாகிவிட்டது, ஆனால் இந்த அடிப்படை அப்படியே நிற்கிறது. ஏட்டளவில் மட்டும் உள்ள சட்டம் என்று நினைக்க வேண்டாம். ராமநாதபுரம் கரையில் வளர்த்த கப்பாபைகஸ் பாசியை ஏற்றுமதி செய்ததற்காக பெப்சிகோ நிறுவனமே இச்சட்டப்படி முப்பது லட்சம் ரூபாய்க்கு மேல் பயன்பகிர்வுத் தொகை, அதாவது வளத்தால் வந்த பயனில் உள்ளூருக்கான பங்கு, கட்டியிருக்கிறது.

ஆகவே மனு போக வேண்டிய இடம் உங்கள் ஊராட்சியும் சென்னையிலுள்ள தமிழ்நாடு பல்லுயிர் வாரியமும். நகல் ஒன்று மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கு. தடை கேட்காதீர்கள். எங்கள் குழு இந்தப் பாறைகளில், இந்த மாதங்களில், இந்த முறையில் எடுக்கிறது, இதை, ஊரின் உயிரிவளங்களைக் குறித்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுங்கள், வாங்குகிறவர் பதிவு செய்துகொண்டு கட்டணம் கட்டட்டும், சுரண்டி கூடாது. இவ்வளவுதான் கேட்க வேண்டியது. ஊராட்சி எல்லை கடலுக்குள் எத்தனை அடி என்று யாராவது ஒரு வழக்கறிஞர் கேட்பார். கேட்கட்டும். பாசியின் எடையில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர், அதை ஈரமாகத் தூத்துக்குடி வரை ஏற்றிப்போக யாருக்கும் கட்டாது. கரையில் எங்காவது காயவைத்தே ஆக வேண்டும். உலர்த்தும் களமும் எடை போடும் தராசும் ஊராட்சி எல்லைக்குள்தான் இருக்கின்றன. கட்டுப்பாட்டை அங்கே வையுங்கள். அடிப்பிடிப்போடு வந்த பாசிக்கு எடை போடுவதில்லை என்று பதினெட்டுப் பேரும் உறுதியாக நின்றால் வியாபாரியே வேன்காரருக்குப் பாடம் சொல்லிவிடுவார். களத்தில் ஒரு கைப்பிடியை எடுத்துப் பார்த்தாலே வழித்ததா கிள்ளியதா என்று தெரியும்.

வேனில் வருகிறவர்கள் யார் என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகம், அவர்கள் அதிக தூரத்தவர்கள் இல்லை. நான்கைந்து துறை தள்ளி, உங்களைப் போலவே வேறு வேலை கிடைக்காதவர்களாக இருக்கலாம். நம் மாவட்டக் கரையில் ஊருக்கும் ஊருக்கும் நடந்த பழைய சண்டைகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேனைக் கல்லால் அடிக்கும் யோசனையை யாராவது சொன்னால் அன்றைக்கே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம் இருப்பதை எண்ணிப் பாருங்கள். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பக்கத்து விசைப்படகு கட்டிக்கிடக்கும்போது மறுபக்கத்துப் படகு ஓடுகிறது. பாசியிலும் நீங்கள் மட்டும் ஆவணியில் நிறுத்தி, பக்கத்து ஊர் நிறுத்தாவிட்டால் வேன் அங்கே போய் நிற்கும், அவர்கள் பாறை தீர்ந்ததும் திரும்பி வரும். ஆகவே இருபுறமும் இரண்டு இரண்டு ஊர்களின் பாசி எடுக்கும் பெண்களை முதலில் கூட்டுங்கள். ஆண்களின் கூட்டம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

மிதவை கட்டிப் பாசி வளர்க்கலாமே, மானியம் இருக்கிறதே என்று உங்களிடம் யாராவது வருவார்கள். முட்டத்து அலையில் மூங்கில் மிதவை ஒரு பருவம் தாங்குமா என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அவர் சொல்வதே என் கருத்தும். வளர்ப்புக்குக் கொடுக்கும் கப்பாபைகஸ் வெளிநாட்டுப் பாசி என்பதும், குருசடைத் தீவருகே பவளத்தின்மேல் படர்ந்தது என்று 2008இல் ஆய்வாளர்கள் எழுதியதும் நினைவில் இருக்கட்டும்.

இன்னொரு வேலை, சிறியதுதான். பதினெட்டுப் பேரில் எத்தனை பேர் மீனவர் நலவாரியத்தில் உறுப்பினர் என்று பாருங்கள். கணவர் பெயரில் அட்டை இருக்கிறது, போதும் என்று இருந்துவிடாதீர்கள். நாளை பாறையில் வழுக்கி ஒருவருக்கு ஏதாவது ஆனால், கடலில் வேலை செய்தவர் என்பதற்கு அவர் பெயரிலேயே ஒரு தாள் வேண்டும்.

உங்கள் ஊர் ஊராட்சியா பேரூராட்சியா என்று கடிதத்தில் இல்லை. பேரூராட்சி என்றால் கிராம சபை கிடையாது, செயல் அலுவலரிடம் நேரே கொடுக்க வேண்டும். ஊராட்சி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். இவற்றில் அடுத்து வருவதற்குள் பாறைப் பெயர்களை எழுதி முடித்துவிடுங்கள். உங்கள் மாமியாரையோ அவர் வயதுள்ள வேறு யாரையாவதோ கூட உட்காரவைத்து எழுதினால் நல்லது. எந்தப் பாறையில் முன்பு பாசி இருந்து இப்போது இல்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எழுதி முடித்ததும் ஒரு நகல் எனக்கும் அனுப்புங்கள். மனுவை அதற்கேற்பத் திருத்தித் தருகிறேன்.